உறவினர் வந்தால் முதல் காலையைப் பழைய நகரத்துக்குக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே மாதம் பிறந்துவிட்டால் பினாங்கில் தமிழர் வீடுகளில் விருந்தாளி பேச்சுதான். தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை. சித்தப்பா குடும்பம், மாமா குடும்பம், சம்பந்தி வீட்டார் என்று ஊரிலிருந்து ஆட்கள் வரும் காலம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடப்பிதழுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்றானது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் தொடங்கியது. முன்பு கோலாலம்பூரில் இறங்கி, பத்துமலையும் இரட்டைக் கோபுரமும் பார்த்து முடித்து, மீந்த ஒன்றரை நாளில் பினாங்கைத் தொட்டுவிட்டுப் போனவர்கள் இப்போது நேரே இங்கேயே வந்து இறங்குகிறார்கள். நாம் அவர்களுக்குப் போட்டுக் கொடுக்கும் திட்டம்தான் இன்னும் அந்த ஒன்றரை நாளிலேயே நிற்கிறது.

அந்தத் திட்டம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பசியாறிவிட்டுப் பத்து மணிக்குக் கொடிமலை (பினாங்கு ஹில்). மதிய வெயிலில் கெக் லோக் சி புத்தர் கோயில். மாலையில் பத்து பெரிங்கி கடற்கரை. இரவு லிட்டில் இந்தியாவில் சாப்பாடும் துணிக்கடையும். மறுநாள் பகலில் தண்ணீர்மலை முருகன் கோயில். இடங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேரம்தான் எல்லாமே தலைகீழ். மலைக்குக் கூட்டம் சேர்ந்த பிறகு போகிறோம், வெயில் ஏறிய பிறகு படி ஏறுகிறோம், ஜார்ஜ் டவுனுக்கு இருட்டிய பிறகு போகிறோம். அந்த நேரத்தில் தேவாலயமும் கொங்சி எனும் சீனக் குல மன்றமும் பூட்டிக் கிடக்கும், பள்ளிவாசலில் தொழுகை நடக்கும். 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மலாக்காவோடு சேர்ந்த நகரம் இது. நம் விருந்தாளிகளுக்கு அது சேலைக்கடை வெளிச்சமாக மட்டும் நினைவில் நின்றுவிடுகிறது. முதல் நாள் காலையைப் பழைய நகரத்துக்குக் கொடுத்துவிட்டு மற்றதைப் பின்னால் தள்ளுங்கள் என்று வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

முதலில் அவர்கள் கிளம்புமுன் தெரிய வேண்டியவை. மலேசியாவுக்கு வரும் வெளிநாட்டவர் மின்னியல் வருகை அட்டையை வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். குழந்தைகளுக்கும் தனித்தனியாக. அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசாங்கத் தளம் அல்ல. கூகுளில் தேடி முதலில் வந்ததைத் தட்டி ஏமாறுகிறவர்கள் உண்டு, ஆகவே குடிநுழைவுத் துறையின் இணைப்பை நாமே அனுப்பிவிடுவது நல்லது. விசா விலக்கு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதையும் பயணச்சீட்டு எடுக்குமுன் அதே இடத்தில் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்தது மின்செருகி. இந்தியாவின் உருண்டைக் கம்பிச் செருகி இங்கே நுழையாது. நம்முடையது மூன்று தட்டைக் கம்பி, 240 வோல்ட். ஆளுக்கொரு மாற்றி தேவையில்லை. ஒரு மாற்றியும் ஊரிலிருந்து ஒரு நீட்டுப் பலகையும் கொண்டுவந்தால் ஆறு கைப்பேசிக்குப் போதும். வயதானவர்கள் மருந்துகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கொண்டுவர வேண்டும். பொட்டலம் பிரித்துத் தாளில் மடித்த மாத்திரை சுங்கத்தில் வீண் கேள்விக்கு இடம் தரும்.

கடிகாரத்தையும் விளக்கிவிடுங்கள். இங்கே இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். 1982 ஜனவரி 1ஆம் நாள் தீபகற்ப மலேசியா சபா சரவாக்கோடு நேரத்தை ஒன்றாக்க அரை மணி முன்னே தள்ளியது. அதனால்தான் இங்கே காலை ஏழு மணியளவில் விடிகிறது, மாலை ஏழரையை ஒட்டிப் பொழுது சாய்கிறது. ஊரிலிருந்து வந்தவர்களின் உடம்புக்கு நம் காலை ஏழு மணி விடியற்காலை நாலரை. முதல் நாள் அவர்களை ஆறு மணிக்கு எழுப்பி மலைக்கு இழுத்துப் போவது ஆகாத காரியம். எட்டரை மணிக்கு நடையைத் தொடங்கினால் பதினொன்றரைக்குள் முடித்து, வெயில் உறைக்குமுன் வீடு திரும்பலாம். நடந்தே பார்க்க வேண்டிய ஊருக்கு முதல் நாளே பொருத்தம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாடம் விமான நிலையத்திலேயே தொடங்கலாம். பாயான் லெப்பாஸிலிருந்து கடலோர விரைவுச்சாலையில் நகருக்கு வரும்போது வலப்பக்கம், முதல் பாலத்துக்குத் தெற்கே, பச்சையாக ஒரு தீவு தெரியும். அது ஜெரெஜாக். கப்பலில் தளப் பயணியாக வந்த நம் தாத்தா பாட்டிமார் பலர் பினாங்கு மண்ணில் கால் வைக்குமுன் நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைக்கப்பட்ட இடம் அதுதான். 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர்ப் பாலத்தைப் படம் எடுக்கும் அவசரத்தில் யாரும் அந்தத் தீவைக் காட்டுவதில்லை. வண்டி ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு நிமிடம் கை காட்டிச் சொல்லட்டும். பிறகு பார்க்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பொருள் வேறாகும்.

நடையை ஃபார்குவார் சாலையில் உள்ள செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்குங்கள். 1818இல் கட்டியது, தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கத் தேவாலயம். வெள்ளைத் தூண்களைப் பார்த்து, 'வெள்ளைக்காரன் கோயில்' என்று நம் ஆட்கள் கடந்துபோய்விடுவார்கள். அங்கே பாதிரியாராக இருந்த ஹட்சிங்ஸ் 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பும் இருந்தது. மலேசியத் தமிழ்க் கல்வியின் வயதை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறோம், 2016இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடினோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மறுப்பார்கள். இந்த நாட்டில் அரசாங்கத்தின் கீழ் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடக்கின்றன என்பதையும் அந்த மர நிழலில் நின்றே சொல்லிவிடலாம்.

அங்கிருந்து தெற்கே நீளும் தெருதான் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங், பழைய பிட் ஸ்ட்ரீட். சில நூறு அடி நடந்தால் குவான் யின் கோயில். வாசலில் ஆளுயர ஊதுவத்தி எரியும். மூச்சிரைப்பு உள்ளவர்களை உள்ளே அழைத்துப் போக வேண்டாம், முற்றத்திலேயே நிற்கட்டும். கும்பிடத் தடையில்லை. நம் கோயில்களில் சீனர்கள் வந்து கும்பிடுவதைப் போலத்தான். ஆனால் மூங்கில் குவளையில் நிற்கும் குறிக்குச்சிகளைப் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்து உருட்டக் கூடாது. அது ஒருவர் தம் மனக்குறையைச் சொல்லிக் குறி கேட்கும் முறை. கும்பிட்டுக்கொண்டிருப்பவர் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டுவதும் தவறு.

அடுத்த சந்தில் திரும்பினால் குவின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில். 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி தமிழர்களுக்குக் கொடுத்த நிலத்தில் வழிபாடு தொடங்கி, 1833இல் கோயிலாக எழுந்தது. மதுரையும் தஞ்சையும் பார்த்த கண்ணுக்குச் சின்னக் கோயிலாகத்தான் தெரியும். கோபுரத்தின் உயரத்தை அளக்க வேண்டாம், சுற்றியுள்ள தெருக்களைப் பார்க்கச் சொல்லுங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், படகு வலித்தவர், வட்டிக்கடை வைத்தவர், வண்ணார், பூக்கட்டுபவர் எல்லாரும் நடந்து வந்து சேரும் தூரத்தில் அந்த அம்மன் இருக்கிறாள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் திறப்பார்கள். பதினொரு மணிக்குமுன் போய்விட வேண்டும் என்பதற்காகவே நடையின் திசையை இப்படி வைத்திருக்கிறது.

பிறகு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801இல் தொடங்கியது. தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் கட்டியது. இதில் இரண்டு விஷயம் விளக்க வேண்டும். கப்பித்தான் என்பது ஓர் இனத்தாரின் தலைவனுக்கு ஆட்சியாளர் கொடுத்த பட்டம். கெலிங் என்பது கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள், ஒரு காலத்தில் தென்னிந்தியரைக் குறித்த பொதுச்சொல். இன்று அதே சொல்லை ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் அது வசை. தெருப்பலகையில் படித்த சொல்லைப் பிள்ளைகள் சத்தமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நடந்தால், ஏன் கூடாது என்பதை அன்போடு சொல்லிவிடுங்கள். உள்ளே போக மேலங்கி அங்கேயே தருவார்கள். பெண்கள் தலையை மூடத் துப்பட்டா எடுத்துப் போனால் வசதி. அரைக்கால் சட்டையில் வரும் அண்ணன்மாருக்கும் அந்த மேலங்கிதான். தொழுகை நேரத்தில் பார்வையாளரை விடமாட்டார்கள். பகல் ஒரு மணிக்குமேல் லுஹர் என்ற நண்பகல் தொழுகை வந்துவிடும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை அந்தப் பக்கமே போகாமலிருப்பது நல்லது, தெருவில் வண்டி நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.

சூலியா ஸ்ட்ரீட்டும் கிங் ஸ்ட்ரீட்டும் சேரும் மூலையில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து விருந்தாளி என்றால் இதைத் தவற விடாதீர்கள். நாகூர் ஆண்டகையின் நினைவாக, கடல் கடந்து வந்தவர்கள் எழுப்பிய சின்ன வெள்ளைக் கட்டடம். அடக்கம் நாகூரில்தான், இங்கே இருப்பது நினைவிடம். பத்து நிமிடம் போதும். ஆனால் ஊரில் கந்தூரிக்குப் போய் வந்தவர்கள் அந்தப் பத்து நிமிடத்தில் நிற்கும் நிலையைப் பார்த்தால், பினாங்கைப் பற்றி நாம் சொல்ல வேண்டிய வேறெதுவும் மிச்சமிருக்காது.

நடை கூ கொங்சியில் முடியட்டும். பழைய கட்டடம் 1901இல் எரிந்து, 1906இல் மறுபடி எழுந்தது. நுழைவுக் கட்டணம் உண்டு, உண்மையிலேயே கொடுக்கத் தகும். செட்டிநாட்டு வீடு பார்த்தவர்கள் இங்கே மணிக்கணக்கில் நிற்பார்கள். ஒரே குலத்தார் காசு சேர்த்து, ஊரிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து, முன்னோருக்கு வீடு கட்டுவது அவர்களுக்குப் புதிய செய்தியல்ல. அர்மீனியன் ஸ்ட்ரீட்டின் சுவரோவியங்கள் பக்கத்திலேயே. 2012இல் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் முன் ஒரு படம் எடுக்கப் பகலில் அரை மணி வரிசையில் நிற்க வேண்டும். ஒன்பது மணிக்குமுன் போனால் ஆளே இருக்காது. பிள்ளைகள் அதையே பெரிதாகக் கேட்டால் நடையை அங்கிருந்து தொடங்கித் தலைகீழாகப் போங்கள், அதிலும் தவறில்லை. ஆனால் அப்போது மாரியம்மன் கோயிலுக்கு நேரம் போதுமா என்று கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முழு நடையும் ஒரு கிலோமீட்டரைச் சுற்றித்தான். இருந்தும் வயதானவர்கள் சோர்ந்துவிடுவதற்குத் தூரம் காரணமல்ல, காக்கி லீமா காரணம். கடைகளின் முன்னால் ஐந்தடி அகலத்துக்குக் கூரையோடு ஓடும் அந்த நடைவழி வெயிலுக்கும் மழைக்கும் அருமை. ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் தம் தரையைத் தமக்குத் தோன்றிய உயரத்தில் போட்டிருப்பார். நான்கு கடைக்கு ஒரு படி ஏறும், இரண்டு கடைக்கு ஒரு படி இறங்கும். நடுவில் மோட்டார்சைக்கிள் நிற்கும், திரும்பிச் சாலையில் இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ள அத்தைமாருக்கு இந்தப் படிகள்தான் எதிரி. பிள்ளைவண்டியும் சக்கர நாற்காலியும் ஓடாது. வழுக்காத செருப்பு, கையில் ஒரு குடை, இரண்டு நிறுத்தத்துக்கு ஒரு முறை உட்கார்வது என்று வைத்துக்கொண்டால் எழுபது வயதுக்காரரும் நடந்து முடிப்பார். முடியாதவர்களுக்குப் பழைய நகரத்தைச் சுற்றும் இலவசப் பேருந்து இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான மனக்கசப்பு இங்கேதான் வருகிறது. தமிழ்நாட்டு விருந்தாளிகள் பலர் சைவம். 'மீன் இல்லாமல் கொடுங்கள்' என்று கேட்டால் ஒட்டுக்கடையில் மேலே கிடக்கும் மீனை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள், அதில் அவர்கள் மேல் குற்றமில்லை. சிக்கல் பெலாச்சானில். இறாலை உப்பிட்டு அரைத்துக் காயவைத்த சாந்து அது. சம்பல், காங்கோங் வதக்கல், ரோஜாக் குழம்பு என்று கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றிலும் கலந்திருக்கும். அசாம் லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸின் குழம்பே கெம்போங் மீனை வேகவைத்து உதிர்த்தது. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றில் நெத்திலி. சார் குவே தியாவ் என்ற வறுத்த அரிசி நூடுல்ஸில் இறாலும் சிப்பியும், சீனக் கடை என்றால் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பும். ரொட்டி சானாய்க்குத் தரும் பருப்பில் மீன் குழம்பைக் கலந்து ஊற்றுவது மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில்) வழக்கம், 'பருப்பு மட்டும்' என்று முன்னாலேயே சொல்ல வேண்டும். மாவிலும் முட்டையோ பாலோ சேர்ப்பதுண்டு. நாசி கண்டார் என்ற குழம்புச் சோற்றுக் கடையில் காய்கறி தனியாக இருந்தாலும் ஒரே கரண்டி எல்லாச் சட்டியிலும் இறங்கும், நான்கு குழம்பைக் கலந்து ஊற்றுவதுதான் அந்தச் சோற்றின் சுவையே. கடும் சைவக்காரரை அங்கே அழைத்துப் போய் உட்கார வைக்காதீர்கள். அவருக்கு நம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, சீனச் சைவ உணவகமும் இருக்கிறது. சீனச் சைவத்தில் கோழி போலவும் மீன் போலவும் செய்து வைத்திருப்பதைக் கண்டு பயப்படுவார்கள். அது சோயாவும் கோதுமையும்தான் என்று எடுத்துச் சொல்லி முதல் கவளத்தை நீங்கள் சாப்பிட்டுக் காட்டுங்கள்.

அசைவக்காரருக்கு வேறு எச்சரிக்கை. டாகிங் என்றால் நாசி கண்டார் கடையில் மாட்டிறைச்சி. காம்பிங்தான் ஆடு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் அந்த இரண்டு சொல்லை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். விலையில் வாக்குவாதம் வருவது கணவாய், பெரிய இறால், மீன்தலை, மீன்முட்டை இவற்றால். இவை எடைக்கும் அளவுக்கும் ஏற்ப விலை ஏறும். தட்டில் வைக்குமுன் 'பெராப்பா?' (எவ்வளவு?) என்று கேட்க வேண்டும், சாப்பிட்ட பின் கேட்டுப் பயனில்லை. தோள்கம்பின் இரு முனையிலும் சட்டி தொங்க, துறைமுகத் தொழிலாளருக்குச் சோறு சுமந்து விற்றவர்கள் நம் தமிழ் முஸ்லிம்கள். அந்தக் கம்புக்குத்தான் கண்டார் என்று பெயர். இதையும் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தேநீர்ச் சொற்கள் மருந்துச்சீட்டுக்குச் சமம். வெறுமனே 'தே' என்றால் டின் கட்டிப்பால் ஊற்றிய தித்திப்பு. 'தே சி' என்றால் சீனி சேராத டின் பால், ஆனால் சீனி தனியே போடுவார்கள். 'தே ஓ' என்றால் பால் இல்லை, சீனி உண்டு. 'தே ஓ கோசோங்' என்றால் இரண்டும் இல்லை. 'குராங் மானிஸ்' என்றால் சீனி குறைவு. 'சர்க்கரை இல்லாமல் ஒரு டீ' என்று தமிழிலேயே கேட்டு, கட்டிப்பால் தே வந்து, அதைக் குடித்துவிட்டு இரவில் அளவு ஏறித் தவிப்பது அடிக்கடி நடக்கிறது. கடைக்காரர் சீனி போடவில்லை என்பது உண்மைதான், இனிப்பு முழுவதும் அந்தப் பாலில் இருக்கிறது.

கொடிமலைக்கு இரண்டாம் நாள் காலை. 1923இல் ஓடத் தொடங்கிய மலைரயில் முன்பு நடுவில் வண்டி மாறி அரை மணி நேரம் ஏறும். 2011இல் வந்த புதிய வண்டி ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்ப் பாதையைச் சில நிமிடங்களில் ஏறிவிடுகிறது. முதல் வண்டி ஆறரைக்கு. ஏழு ஏழரைக்குப் போய்விட்டால் வரிசை இல்லை, மேலே மேகம் சூழுமுன் பட்டர்வொர்த் வரை தெளிவாகத் தெரியும். பத்து மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேரும். அப்போதுதான் விரைவு வரிசைச் சீட்டுக்குக் கூடுதல் வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கும் நிலை வருகிறது, காலையில் போகிறவர்களுக்கு அது வீண் செலவு. அடையாள அட்டை உள்ளவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு. விருந்தாளிக்கும் சேர்த்து உள்ளூர்ச் சீட்டு எடுத்து நுழைவாயிலில் திரும்பி வர வேண்டாம். மாலையில் போவோர் ஏறும் வரிசையைப் பார்த்து ஏமாறுகிறார்கள், சூரியன் மறைந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவதால் இறங்கும் வரிசைதான் நீளம். இறங்கும்போது வண்டியின் கீழ்முனையில் நின்றால் சுரங்கமும் நகரமும் நேரே தெரியும். மேலே நகரத்தைவிட ஐந்து டிகிரி அளவு குளிர்ச்சி. திருமுருகன் கோயிலும் பள்ளிவாசலும் அங்கே அருகருகே நிற்கின்றன. பராமரிப்புக்காக ஆண்டில் சில நாள் ரயிலை நிறுத்துவார்கள், முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். நகர நடுவிலுள்ள கொம்தார் கோபுரத்திலிருந்து 204ஆம் எண் பேருந்து மலையடிவாரம் வரை போகும். சரியான சில்லறை வைத்திருங்கள், ஓட்டுநர் மீதி தரமாட்டார்.

மலையிலிருந்து இறங்கினால் கெக் லோக் சி பக்கத்தில்தான், ஆயர் ஈத்தாமில். ஏழடுக்குக் கோபுரத்தின் அடி சீன முறை, நடு தாய்லாந்து முறை, முடி பர்மிய முறை. இந்த ஒன்றைச் சொல்லி நிமிர்ந்து பார்க்கச் செய்யுங்கள், மற்ற படிகளுக்கு அவரவர் முழங்கால்தான் அளவு. குவான் யின் வெண்கலச் சிலைக்குச் சாய்வு மின்தூக்கி உண்டு.

தண்ணீர்மலைக்கு மாலை ஐந்துக்குமேல் போங்கள். பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏற வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்குக் கொதிக்கும் படியில் வெறுங்காலோடு ஏறுவது பக்தி அல்ல, கொப்புளம். தண்ணீர்ப் புட்டியும் கைத்துண்டும் போதும், கைப்பையை ஒருவரிடம் கீழே விட்டுவிடலாம், குரங்குகள் நெகிழிப்பை சத்தத்துக்கே வந்துவிடும். ஏறமுடியாத பெரியவர்களுக்கு அதே சாலையில் நகரத்தார் தண்டாயுதபாணி கோயில் சமதரையில் இருக்கிறது. 1894இல் காரைக்குடியிலிருந்து கப்பலேறி வந்த வெள்ளி ரதம் தைப்பூசத்துக்கு முதல் நாள் லிட்டில் இந்தியாவின் கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டு அங்கேதான் வந்து சேரும். 2017 முதல் தங்க ரதமும் குவின் ஸ்ட்ரீட் கோயிலிலிருந்து தனியே வருகிறது. தை மாதம் வருகிற விருந்தாளி என்றால், ரதம் வரும் வழியில் சிதறும் தேங்காய்களைக் காணத் தயாராகட்டும். ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும் அந்தக் குவியல்களில் பல சீனர்களுடைய நேர்த்தி. மண்வாரியால் வாரி வழி ஒதுக்குவார்கள். ஓட்டுச் சில்லு பாதத்தைக் கிழிக்கும், நேர்த்திக்காக வெறுங்காலோடு நடப்பவரைத் தவிர மற்றவர் செருப்போடு நிற்பதே நல்லது.

பத்து பெரிங்கிக்கு 101ஆம் எண் பேருந்து. கடலில் இழுதுமீன் வரும் காலம் உண்டு, எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துத்தான் பிள்ளைகளை இறக்க வேண்டும். வேறு சொல்ல ஒன்றுமில்லை, மெரினாவைப் பார்த்தவர்களுக்கு இது ஓய்வுக்கான இடம் மட்டுமே.

வாங்கிப் போகச் சொல்ல வேண்டியது ஜாதிக்காய். ஊறுகாயாக, சர்க்கரையில் ஊறியதாக, தைலமாகக் கிடைக்கும். பழைய பினாங்கின் வாசனைத் தோட்டங்களின் மிச்சம் அது. ஊரின் பெயரே மலாயில் பாக்கைக் குறிப்பது என்று சொன்னால் வெற்றிலைத் தட்டோடு வளர்ந்த பாட்டிமார் மகிழ்ந்துபோவார்கள். தாவ் சார் பியா என்ற பருப்புப் பிஸ்கட்டை வாங்குமுன் உறையைப் படியுங்கள், பழைய முறையில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், தாவர எண்ணெயில் செய்தவை தனியே உண்டு. டுரியானை ஆசையோடு வாங்கித் தங்கும் விடுதிக்குக் கொண்டுபோனால் அபராதம் கேட்பார்கள். கடையிலேயே உட்கார்ந்து தின்று, கை கழுவிவிட்டுக் கிளம்புவதுதான் முறை.

மீந்த மாலையைச் சியூ ஜெட்டிக்கும் ஃபெரிக்கும் வையுங்கள். கடல்மேல் காலூன்றி நிற்கும் அந்த மரவீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. திறந்த கதவுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, சத்தம் குறைவாக இருக்க வேண்டும். பலகைகளுக்கு இடையில் சந்து உண்டு, ஓரத்தில் எல்லா இடத்திலும் கைப்பிடி கிடையாது, சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்தபடியே நடக்க வேண்டும். சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளை ஒட்டி வருகிறவர்கள் அங்கே வாசலுக்கு வாசல் முழுக் கரும்பு கட்டியிருப்பதைக் காணலாம். பொங்கல் முடிந்து வந்த குடும்பத்துக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

படகுத்துறை அங்கிருந்து நடை தூரம். 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகள் ஆட்களையும் மோட்டார்சைக்கிளையும் மட்டுமே ஏற்றும், கார் ஏறாது. கட்டணத்துக்கு ரொக்கம் வேண்டாம், பணம் செலுத்தும் அட்டையை எடுத்துப் போங்கள். ஆறரைக்கு ஏறி பட்டர்வொர்த் போய், இறங்கி, அடுத்த படகில் திரும்புங்கள். திரும்பும்போது மேல்தளத்தில் முன்பக்கம் இடம் பிடிக்க வேண்டும். இடப்பக்கம் ஜெட்டி வீடுகளின் விளக்கு, வலப்பக்கம் சுவெட்டன்ஹாம் துறையும் கோட்டையும், நடுவில் மணிக்கூண்டு, பின்னால் கொடிமலை. 1926இல் ஓடத் தொடங்கி ஐம்பது ஆண்டுக்குக் கிட்டத்தட்ட நாகப்பட்டினத்தையும் சென்னையையும் இந்தக் கரையோடு சேர்த்த ராஜுலா கப்பலின் தளத்தில் நின்றவர்களும் அந்த மலையைத்தான் முதலில் கண்டார்கள். கூட வந்திருப்பவரின் குடும்பத்தில் யாராவது அந்தக் கப்பலில் வந்து திரும்பாமல் போயிருந்தால், அவர் பெயரை இந்த இடத்தில் கேளுங்கள்.

இப்படிக்கு,
தண்ணீர்மலை வட்டார வாசகர்கள்,
பினாங்கு.